பேசிய நேரம்: பதினொரு விநாடி

காரைக்காலில் மனம் நொந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. முறைப்படி மனம் நொந்தவர்கள்தான் கிடைப்பதில்லை. இந்தக் குறையைப் போக்கவே அகவொளி மனநல ஆலோசகர் பயிற்சி நிறுவனம், கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி, சொந்தக்காரர்கள் பாரிசில் குடியிருக்கும் ஒரு பழைய மாடி வீட்டில் நடந்துவந்தது. கீழே ஒரு ஜெராக்ஸ் கடையும் ஒரு டீக்கடையும் இருந்தன. மேலே நிரப்புகிற படிவங்களால் ஜெராக்ஸ் கடை செழித்தது. நிரப்பிக் களைத்தவர்களால் டீக்கடை செழித்தது.

விழிதியூர் நீலாயதாட்சி அங்கே முதுநிலைப் படிப்பில் சேர்ந்ததற்குக் காரணம் அவளுடைய காது. பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள், இறங்குமிடம் வருவதற்குள் மருமகள் பிரச்சினையிலிருந்து மூட்டுவலி வரை கொட்டித் தீர்த்துவிட்டு, "ஒன்கிட்ட சொன்னதுல நெஞ்சு லேசாயிருச்சு பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்பது தனக்கு வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்கு உரிமம் வாங்கினால் பள்ளிக்கூடத்தில் ஆலோசகர் வேலை கிடைக்கும் என்பதும் தெரிந்தது. அவளுடைய அப்பா மட்டும், "கேக்குறதுக்குப் படிப்பு வேறயா? ஒங்க அத்தை படிக்காமலே ஊரு கதை பூரா கேட்டுட்டு வர்றாளே" என்றார். சேர்ந்து ஒரு வருடம் ஆனபிறகுதான் அப்பா சொன்னதில் உள்ள ஞானம் அவளுக்கு உறைத்தது.

உரிமத்துக்கு ஒரே நிபந்தனைதான். சேவை பெறுநர்கள், அதாவது ஆலோசனைக்கு வருகிறவர்கள், அவளிடம் மொத்தம் நூறு மணி நேரம் பேசியிருக்க வேண்டும். உட்கார்ந்திருந்த நேரமல்ல, பேசிய நேரம். இதை அளப்பதற்கு ஒவ்வொரு மேசையிலும் ஒரு சதுரங்கக் கடிகாரம் இருந்தது. செஸ் போட்டியில் வைப்பார்களே, ஒரே பெட்டியில் இரண்டு முகம் கொண்டது, அதுவேதான். எதிராளி பேசினால் அவர் பக்கத்துப் பொத்தானைத் தட்ட வேண்டும். நாம் பேசினால் நம் பக்கம். இருவரும் சும்மா இருந்தால் நடுவில் உள்ளதைத் தட்டி நிறுத்திவிட வேண்டும். கண்ணீர் விடுகிறவருக்கு முன்னால் டிக், டக் என்று தட்டிக்கொண்டிருப்பது பார்ப்பதற்கு நன்றாக இருக்காதே என்று ஒரு மாணவி முதல் நாளே கேட்டாள். இயக்குநர் முனைவர் நவநீதன் அதற்காகவே காத்திருந்தவர்போல் எழுந்தார்.

"அழுகை வேற, பேச்சு வேறம்மா. அழுகைய யார் வேணும்னாலும் கேக்கலாம். மௌனத்துக்கு உரிமம் குடுக்கணும்னா வீட்டுச் செவுத்துக்கும் குடுக்கணும். கடிகாரம் பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்லுவான். அதனாலதான் நம்ம நிறுவனம் மனுஷன நம்புறதில்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டிய நேரம் கணக்கில் சேராது என்று தர அலுவலர் சந்திரலேகா குறித்துக்கொண்டார்.

சந்திரலேகாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கெட்ட மனுஷி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விதிக் கையேட்டின் நூற்றுப் பன்னிரண்டு விதிகளும் அவருக்கு மனப்பாடம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே, அந்தப் பூசாரி அவர். நாற்காலிக்கும் டிஷ்யூ டப்பாவுக்கும் இடையே நாற்பத்தைந்து சென்டிமீட்டர் இருக்கிறதா என்று தினமும் காலையில் டேப் வைத்து அளப்பார். தலையசைப்புச் செய்முறைத் தேர்வையும் அவர்தான் நடத்தினார். கையேட்டின்படி பரிவுள்ள தலை மேலும் கீழுமாக, நிமிடத்துக்கு ஆறு முறை அசைய வேண்டும். நம் பக்கத்துத் தலையோ "ஆமாம், புரியுது, அப்புறம்?" என்பதற்கெல்லாம் பக்கவாட்டில்தான் ஆடும். பிறந்ததிலிருந்து ஆடிய தலையை நீலாவால் திருப்ப முடியவில்லை. இரண்டு முறை தோற்றாள். மூன்றாம் முறை கழுத்தில் சுளுக்கோடு போய் உட்கார்ந்ததால் தலை பக்கவாட்டில் திரும்பவே இல்லை. எண்பத்தேழு மதிப்பெண் கிடைத்தது.

அடுத்தது ஆட்களைப் பிடிப்பது. சேவை பெறுநர்களை மாணவர்களே தேடிக்கொண்டு வர வேண்டும். ஆனால் ஒன்பதாம் விதியின்படி, ஆலோசகருக்கும் சேவை பெறுநருக்கும் அந்த அறைக்கு வெளியே வேறு எந்த உறவும் இருக்கக் கூடாது. சொந்தமாகவோ, பழக்கமாகவோ, மேலதிகாரியாகவோ, ஆசிரியராகவோ எதுவாகவும் கூடாது. வெளியூரில் எழுதிய விதி அது. காரைக்காலில் யாருக்கு யார் வேற்றாள்? நீலா ஒரு பெண்ணைக் கூட்டிவந்தால், சந்திரலேகா கால் மணி நேரம் விசாரித்து, அந்தப் பெண்ணின் ஓரகத்தி நீலாவின் சித்தப்பாவோடு ஒரே வங்கியில் வேலை பார்த்ததைக் கண்டுபிடித்து, வந்தவரைப் படியிறக்கி அனுப்பிவிடுவார். அப்படி ஏழு பேர் போனார்கள். ஏழு பேரும் வரும்போது இருந்ததைவிட நொந்துபோய்த்தான் இறங்கினார்கள்.

இதற்கு இயக்குநர் கண்டுபிடித்த வழி திருநள்ளாறு. சனிக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அத்தனை பேருக்கும் கஷ்டம் இருக்கிறது, ஒருவருக்கும் நம் மாணவர்களைத் தெரியாது. கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பந்தலைப் போட்டு, மேசையும் கடிகாரமுமாக மாணவர்களை உட்காரவைத்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் செருப்பு வைக்கும் இடம் என்று நினைத்தார்கள். மீதிப் பேர் ஜோசியர் என்று நினைத்து உள்ளங்கையை நீட்டினார்கள். செருப்பை எங்கே விடுவது என்று கேட்டவர்களின் பேச்சும் பேச்சுதான் என்பதால் நீலா தட்டிக்கொண்டே இருந்தாள். சிலர் நிஜமாகவே உட்கார்ந்து பேசினார்கள். ஆனால் எட்டு வாரம் தொடர்ந்து வரவேண்டும் என்று சொன்னதும் சிரித்தார்கள். நளதீர்த்தத்தில் முழுகி, கட்டிய துணியை விட்டவர்கள் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்பது ஊர் அறிந்த வழக்கம். திரும்பிப் பார்க்கவே கூடாதவர்களை அடுத்த சனிக்கிழமை திரும்பி வரச் சொல்லும் பயிற்சித் திட்டம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். இயக்குநர் அதை ஒரு கருத்தரங்கில் கட்டுரையாக வாசித்துப் பாராட்டு வாங்கினார்.

இப்படிச் சிறுகச் சிறுக நீலாவின் கணக்கில் ஐம்பத்தெட்டு மணி நேரம் சேர்ந்தது.

இவற்றோடு இன்னொரு சடங்கும் உண்டு. ஆலோசகராகப் போகிறவர் முதலில் தன் மனத்தைத் துலக்கிக்கொள்ள வேண்டும் என்று, ஒவ்வொரு மாணவரும் உரிமம் பெற்ற ஆலோசகர் ஒருவரிடம் வாரம் ஒரு முறை தன் மனசைத் திறந்து பேச வேண்டும். நிறுவனத்தில் உரிமம் உள்ளவர் நவநீதன் ஒருவர்தான். நீலா செவ்வாய்க்கிழமைதோறும் போவாள். அதே கடிகாரம், அதே படிவம். 'அதிக நேரம் பேசியவர், நிமிடம், கையொப்பம்' என்று ஒரு வரி. 'கேட்டவர், நிமிடம், கையொப்பம்' என்று அடுத்த வரி.

"இன்னிக்கு ஒங்க மனசுல என்ன இருக்கு, நீலாயதாட்சி?" என்று இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு தொடங்குவார்.

"ஒண்ணுமில்லைங்க சார். அப்பாவுக்குக் கொஞ்சம்..."

"அப்பா! அங்கதான் எல்லாமே தொடங்குது. எங்க மாமனாரையே எடுத்துக்கங்களேன்" என்பார். அப்புறம் கடிகாரம் அவர் பக்கத்திலேயே ஓடும். மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கியவர். மைத்துனன் ழில்பேர் பாரிசில் இருக்கிறான். டிசம்பருக்கு டிசம்பர் வந்து, சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் முன்னால், "என்ன மாப்ள, இன்னமும் ஊரு கதை கேக்குற உத்தியோகம்தானா?" என்று கேட்பான். மனைவி ழோசெத்தும் சிரிப்பாளாம். அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லையாம். ஒரு செவ்வாய்க்கிழமை இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. நீலா டிஷ்யூ டப்பாவை நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்கும் கிட்டத்தில் நகர்த்தினாள். பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்ததே என்று பின்னால் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

நேரம் முடிந்ததும் அவர் முகம் தெளிந்து எழுந்து, "இன்னிக்கு நீங்க நல்லா முன்னேறியிருக்கீங்க" என்று சொல்லி, படிவத்தில் முதல் வரியில் கையெழுத்துப் போடுவார். எந்தத் தாளிலும் முதல் வரியில்தான் அவர் கையெழுத்துப் போடுவார். இரண்டாம் வரியில் போட்டுப் பழக்கமில்லை.

பதினான்காம் விதியையும் இங்கே சொல்லியாக வேண்டும். முந்தைய வருடம் ஒரு மாணவர், வந்தவரை வாயே திறக்கவிடாமல் நாற்பது நிமிடம் அறிவுரை சொல்லிவிட்டார். கோபத்தில் இயக்குநர் அன்றே எழுதிச் சேர்த்தார்: 'எந்த அமர்விலும் அதிக நேரம் பேசியவர் எவரோ அவரே சேவை பெறுநர்; கேட்டவரே ஆலோசகர். நாற்காலியும் பதவியும் கருதப்படமாட்டா.' மாணவர்களை மிரட்ட எழுதிய விதி. அதற்குப் பிறகு அதை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

ஆடி மாதம் முதல் வியாழக்கிழமை சுரக்குடியிலிருந்து கருப்பையன் வந்தார். மனைவி சௌந்தரவல்லிதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். சந்திரலேகா துருவித் துருவி விசாரித்தும் நீலாவுக்கும் அவர்களுக்கும் ஒரு உறவும் அகப்படவில்லை.

"வைகாசியில இவரு தம்பி போயிருச்சு பாப்பா. மோட்டார் கொட்டாயில கரண்டு அடிச்சிருச்சு" என்றாள் சௌந்தரவல்லி. "அன்னியிலேருந்து மனுஷன் வாயத் தொறக்கல. கொட்டாய்ப் பக்கமே போவல. தண்ணி விட நான்தான் பக்கத்து வயக்காரர் கால்ல விழ வேண்டியிருக்கு. ஒரு வார்த்த பேச வச்சிரு. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

கருப்பையன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். ஐம்பது நிமிடம் உட்கார்ந்தார். மணி அடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கடிகாரம் அவர் பக்கத்தில் 00:00 காட்டியது.

அடுத்த வியாழனும் அப்படியே. கையேட்டிலுள்ள திறப்பு வாக்கியங்கள் பதினெட்டையும் நீலா முதல் இரண்டு வாரத்திலேயே சொல்லி முடித்துவிட்டாள். "நீங்க சொல்றத என்னால புரிஞ்சிக்க முடியுது" என்ற வாக்கியத்தை, ஒன்றுமே சொல்லாத மனிதரைப் பார்த்துச் சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. மூன்றாம் வாரம் அவளும் சும்மா இருந்தாள். இரண்டு பேரும் ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடியில் காயும் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் வாரம் அவர் நாற்காலியைக் கொஞ்சம் அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஐந்தாம் வாரத்திலிருந்து "ம்" என்றார்.

அந்த "ம்"முக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். இருமல் பேச்சாகாது, பெருமூச்சு பேச்சாகாது, "ம்" என்பது பேச்சே, ஒன்றுக்கு ஒரு விநாடி என்று சுற்றறிக்கை வந்தது. ஏழாம் வார முடிவில் கருப்பையன் பேசிய நேரம் பதினொரு விநாடி.

"அந்த ஆள விட்டுரும்மா" என்று சந்திரலேகா அக்கறையாகவே சொன்னார். "வியாழக்கெழம ரூம இவருக்குக் குடுத்து ஏழு வாரம் போச்சு. இன்னும் நாப்பத்திரண்டு மணி நேரம் வேணும் ஒனக்கு. புரட்டாசியோட கணக்க மூடிருவோம். அப்புறம் ரெண்டு வருஷப் படிப்பும் வீண். பேசுற ஆளாப் பாத்துப் புடி."

நீலாவுக்கு அது தெரியாமலில்லை. ஆனாலும் வியாழக்கிழமையை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. வாரம் தவறாமல் இரண்டு பஸ் மாறி, சலவை வேட்டி கட்டிக்கொண்டு ஒரு மனுஷன் வருகிறார். பேச வராதவரா வருவார்?

எட்டாம் வியாழன் வானம் மூடியிருந்தது. நாற்பத்தேழு நிமிடம் வழக்கம்போலப் போயிற்று. எதிர்வீட்டில் ஒரு பெண் ஓடிவந்து கொடித்துணியை எடுத்தாள்.

"மழ வரும்போல இருக்கு" என்றார் கருப்பையன்.

நீலா அசையவில்லை. கடிகாரத்தைத் தட்ட வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

"அன்னிக்கும் இப்பிடித்தான் மூடிக்கிட்டு நின்னுச்சு. நாத்தங்காலுக்குத் தண்ணி விடணும். நான்தான் போவணும், என் மொறை. காலு வலிக்குதுடா, நீ போயி மோட்டாரப் போட்டுட்டு வாடான்னேன். அவன் சோத்துல கைய வச்சிருந்தான். திங்கவுடல நான். மழ வந்தா கரண்ட நிறுத்திருவான், ஓடுன்னேன். எழுந்திரிச்சு கையக் கழுவுனான். ஈரங்கூடத் தொடைக்கல. அப்பிடியே..."

மணி அடித்தது.

கதவு திறந்தது. ஐம்பது நிமிடம் முடிந்தால் கதவைத் திறப்பது விதி. சந்திரலேகா கையில் படிவத்தோடு நின்றார். அவருக்குப் பின்னால் இயக்குநர், முகமெல்லாம் மலர்ச்சியாக.

"வெளியிலேருந்து கேட்டேன். பேசிட்டாரே! ரொம்ப அருமையான எடத்துல நிறுத்தியிருக்கோம். மிச்சத்த அடுத்த வாரம் வச்சுக்கலாம். ஆர்வம் கொறையாது. ஐயா, இதுல ஒரு கையெழுத்து."

கருப்பையன் வாயை மூடிக்கொண்டார். இரண்டு மாதமாக நகர்ந்து நகர்ந்து வந்து சேர்ந்த வார்த்தை, தொண்டைக்குள் திரும்பி இறங்கியதை நீலா கண்ணால் பார்த்தாள். அவர் துண்டை உதறினார். எழுந்தார். காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டார்.

நீலாவுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. அந்தக் கடிகாரத்தைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாம் என்றிருந்தது. எறியவில்லை. கருப்பையனோடு படியிறங்கினாள்.

"அம்மா, நேரம் முடிஞ்சிருச்சு! இதுக்கு மேல கணக்குல வராது!" என்று சந்திரலேகா மாடியிலிருந்து கூப்பிட்டார்.

டீக்கடை பெஞ்சில் சௌந்தரவல்லி காத்திருந்தாள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நீலா மூன்று டீ சொன்னாள். முதல் டீ ஆறி, ஏடு கட்டியபிறகு கருப்பையன், "ஈரக் கையோட போனான் பாப்பா" என்று விட்ட இடத்திலிருந்து எடுத்தார். மழை வந்து ஓட்டுக்கூரையில் இரைந்தது, நின்றது. அவர் பேசினார். அழுதார். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி பேசினார். அந்தச் சோற்றுத் தட்டை மூடிவைத்துவிட்டு, தம்பி வந்து தின்பான் என்று காத்திருந்ததைச் சொன்னார். சௌந்தரவல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அதுவரை தெரியாத அந்தச் சேதியைக் கேட்டாள். நீலா தலையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே இருந்தாள். எண்ணவில்லை. இரண்டு மணி நேரம் போயிற்று. பஸ் வந்ததும் இருவரும் ஏறிப் போனார்கள்.

மறுநாளே நீலாவின் மேல் நான்கு குற்றச்சாட்டுகள் எழுதப்பட்டன. ஐம்பது நிமிட எல்லையை மீறியது, அறைக்கு வெளியே அமர்வு நடத்தியது, சேவை பெறுநருடன் சேர்ந்து டீ குடித்தது, கடிகாரம் இல்லாமல் கேட்டது. நிரூபணமானால் படிப்பிலிருந்தே நீக்கம். நிரூபிக்க ஒன்றும் கஷ்டமில்லை. ஜெராக்ஸ் கடைக்காரரே சாட்சி.

விசாரணை புரட்டாசி முதல் வாரம் நடந்தது. தலைமை, வெளியிலிருந்து அழைக்கப்பட்ட பேராசிரியர் ழெரோம். பிரான்சில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பியவர். இயக்குநர் ஒரு பக்கம், படிவங்களோடு சந்திரலேகா ஒரு பக்கம். நீலா உள்ளே வந்து, மேசையின் நடுவில் சதுரங்கக் கடிகாரத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நிறுவனத்தின் வழக்கம்தானே என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"நான் லியோன்ல முப்பது வருஷம் இருந்தவன்" என்று ழெரோம் தொடங்கினார். நீலா எதிர்ப்பக்கத்துப் பொத்தானைத் தட்டினாள். "அங்கல்லாம் மனுஷன் அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டுத்தான் அழுவான். மூணு மாசம் கழிச்சுத் தேதி குடுத்தாலும் அது வரைக்கும் அடக்கி வச்சிருப்பான். அது நாகரிகம். இங்க என்ன நடந்திருக்கு? டீக்கடையில ஒருத்தர அழவிட்டிருக்கீங்க. டீக்கடையில அழுறதுன்னா அப்புறம் நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

"அதான் சார் என் கேள்வியும்" என்றார் நவநீதன். "அந்த மனுஷன் ரெண்டு மணி நேரம் பேசியிருக்காரு. அதுல ஒரு நிமிஷம்கூட நம்ம ஆவணத்துல இல்ல. ஆவணத்துல இல்லாத துக்கத்துக்கு யார் பொறுப்பு? நாளைக்கு அவரு நல்லாயிட்டாருன்னே வச்சுக்கங்க. எப்பிடி நல்லானாருன்னு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது? டீ குடிச்சாருன்னா?"

அப்படியே ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம் போயிற்று. ழெரோம் லியோனில் தன் வீட்டுக் கீழ்த்தளத்துக்காரன் தன்னிடம் கடைசிவரை முகம் கொடுத்துப் பேசாததைச் சொன்னார். திரும்பி வந்தால் இங்கேயும் யாரும் பேசுவதில்லை என்றார். நவநீதன், இந்த நிறுவனத்துக்காகத் தான் பட்ட பாட்டை யாரும், வீட்டில்கூட, மதிப்பதில்லை என்றார். நீலா ஒரு வார்த்தை பேசவில்லை. தலை மட்டும் மேலும் கீழுமாக, நிமிடத்துக்கு ஆறு முறை அசைந்தது.

கடைசியில் ழெரோம் மூச்சுவாங்கி, "நீ ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார்.

நீலா தன் பக்கத்துப் பொத்தானைத் தட்டினாள்.

"என் கணக்குல அம்பத்தெட்டு மணி நேரம் இருக்குங்க. இந்தாங்க இன்னொரு நாப்பத்திரண்டு" என்று பைக்குள்ளிருந்து ஒரு கட்டுப் படிவத்தை எடுத்துவைத்தாள். "செவ்வாய்க்கெழம அமர்வு. அதிக நேரம் பேசியவர், முனைவர் நவநீதன். கேட்டவர் நான். ஒவ்வொரு தாள்லயும் சார் மொத வரியில கையெழுத்துப் போட்டிருக்காரு. பதினாலாம் விதிப்படி சார் என்னோட சேவை பெறுநர். நூறு மணி நேரம் ஆயிருச்சுங்க."

நவநீதன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சந்திரலேகாவைத் திரும்பிப் பார்த்தார். சந்திரலேகா அதற்குள் கையேட்டைப் பிரித்து விரலால் வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் பொய் சொல்லத் தெரியாதவர். அதை அந்த நிமிடம்வரை எல்லோரும் ஒரு குறையாகத்தான் நினைத்திருந்தார்கள்.

"விதி சரியாத்தான் இருக்குங்க சார். 'நாற்காலியும் பதவியும் கருதப்படமாட்டா'ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க" என்றார். பக்கத்தைத் திருப்பி, "அதோட ஒம்பதாம் விதியும் இருக்கு. சேவை பெறுநரா இருக்கவர் அந்த ஆலோசகருக்கு ஆசிரியராவோ அதிகாரியாவோ இருக்கக் கூடாது. அதனால நீங்க இந்த விசாரணையில உக்காரக் கூடாதுங்க சார்."

"அப்ப நான் நடத்துறேன்" என்றார் ழெரோம்.

நீலா கடிகாரத்தை அவர் பக்கமாகத் திருப்பிவைத்தாள்.

"ஒங்களுக்கும் இன்னிக்கு ஒரு படிவம் போடணும் சார்" என்றார் சந்திரலேகா, பேனாவைத் திறந்துகொண்டே. "மொத வரியில கையெழுத்து."

அறையில் யாரும் பேசவில்லை. நீலா வழக்கப்படி நடுப் பொத்தானைத் தட்டினாள். பிறகு கடிகாரத்தை மறந்துவிட்டுப் பேசினாள்.

"அந்த மனுஷன் எட்டு வாரம் ரெண்டு பஸ் மாறி வந்தாருங்க சார். 'ஈரங்கூடத் தொடைக்கல'ன்னு சொல்லி வாய் மூடல, நீங்க கதவத் தொறந்து அருமைங்கிறீங்க. தம்பிய அனுப்பிக் கொன்னுட்டேன்னு நெனைக்கிற ஆளுக்கிட்ட கையெழுத்துக் கேக்குறீங்க. வெக்கமா இல்லையாங்க ஒங்களுக்கு? நாப்பத்திரண்டு மணி நேரம் ஒங்க மைத்துனர் கதையக் கேட்டேனே, ஒரு நாளாவது மணி அடிச்சதும் எழுந்திரிச்சேனா?"

நவநீதன் கதவைத் திரும்பிப் பார்த்தார். "அதெல்லாம் வெளியில..." என்று தொடங்கினார்.

"சொல்ல மாட்டேங்க. இது வரைக்கும் சொல்லல, இனிமேயும் சொல்ல மாட்டேன். அது நீங்க கத்துக்குடுத்து வந்தது இல்ல."

விசாரிக்கத் தகுதியுள்ளவர் ஒருவரும் மிஞ்சாததால், அரை மணி நேரத்தில் குற்றச்சாட்டுகள் நான்கும் கைவிடப்பட்டன. சேவை பெறுநரின் ரகசியம் காக்கும் பொருட்டுச் செவ்வாய்க்கிழமைப் படிவங்கள் அரக்கு முத்திரை வைத்துப் பூட்டப்பட்டன. நீலாவுக்கு உரிமம் தட்டச்சாயிற்று. தாமாகப் படுகுழியில் விழுந்தவர்கள் ஏணி கொடுத்தவளுக்கு நன்றி சொல்வதில்லை. அடுத்த வாரமே பதினான்காம் விதியில் 'இயக்குநர் நீங்கலாக' என்று இரண்டு சொல் சேர்ந்தது. மணி, கடிகாரம், கதவு எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

உரிமத்தை வாங்க நீலா போனபோது சந்திரலேகா ஒரு தாளை நீட்டினார்.

"இத மட்டும் முடிச்சிட்டா குடுத்திருவேம்மா. கருப்பையன் கேஸ மூடணும். நிறைவு அமர்வுக்கு மூணு தடவ கடுதாசி போட்டாச்சு, வரல. பேசிய நேரம் பதினொரு விநாடி. வராததுக்குக் காரணம் போடணும்."

நீலாவுக்குக் காரணம் தெரியும். முந்தின நாள் சௌந்தரவல்லி ஃபோன் செய்திருந்தாள். கடைமடைக்கு இன்னும் வாய்க்கால் தண்ணீர் வந்து சேரவில்லை. தாளடி நாற்றங்கால் காய்ந்தது. யாரும் சொல்லாமல் கருப்பையன் விடியற்காலையில் எழுந்து கொட்டகைக்குப் போயிருக்கிறார். வாசலில் ரொம்ப நேரம் நின்றிருக்கிறார். அப்புறம் துண்டால் கையை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மோட்டாரைப் போட்டிருக்கிறார்.

தாளில் மூன்று கட்டங்கள் இருந்தன. வெளியூர் சென்றார். ஒத்துழைக்கவில்லை. இறந்தார்.

"குணமாயிட்டாருன்னு ஒரு கட்டம் இல்லையாங்க மேடம்?"

சந்திரலேகா தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கையேட்டை எடுத்துப் புரட்டினார். அவர் முகத்தில் கேலி எதுவும் இல்லை.

"அச்சடிக்கலையேம்மா. இது வரைக்கும் தேவப்படல."

நீலா பேனாவை எடுத்தாள். மூன்றாவது கட்டத்துக்குக் கீழே, கையாலேயே, கொஞ்சம் கோணலாக நான்காவதாக ஒரு கட்டம் போட்டாள். அதற்குள் ஒரு டிக் அடித்து, பக்கத்தில் 'மோட்டாரைப் போட்டார்' என்று எழுதினாள்.

கட்டம் போடக் கூடாது என்று ஏதாவது விதி இருக்கிறதா என்று சந்திரலேகா வெகுநேரம் தேடினார். அகப்படவில்லை. முத்திரையை எடுத்துக் குத்தினார்.